ஒரு சிறுமி பேசி முடிக்கும்வரை கேட்டிருந்தவர்

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாசகர் வட்டம் நடத்தும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். ஜூன், ஜூலை மழையில் எல்லாரும் வீட்டோடு கிடக்கும் வாரங்களில் சேர்ந்து வாசிக்க ஒரு பால்யகால நினைவு நூல் வேண்டுமாம். மனத்தைத் தொட வேண்டும், ஆனால் படித்து முடித்தபின் நெஞ்சில் பாரத்தை ஏற்றிவிட்டுப் போகக்கூடாது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழுந்து பறிக்கப் போன அம்மாக்களும் ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து கேட்கும்படி இருக்க வேண்டும். தமிழில் கிடைக்க வேண்டும்.

தங்கைக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன்: தெத்சுகோ குரோயாநாகி எழுதிய 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானில் 1981இல் வந்த நூல். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது.

"அது ஆசிரியர்களுக்கான புத்தகம் அல்லவா?" என்று உங்கள் வட்டத்தில் யாராவது கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் இந்த நூலைப் பெரும்பாலும் கல்வி பற்றிய கூட்டங்களில்தான் எடுத்துப் பேசுகிறோம். மாற்றுக் கல்வி, கற்பித்தல் முறை, குழந்தை மையம் என்று அதன் மேல் நிறைய எழுதியாகிவிட்டது. கோத்தகிரியில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் அந்தப் பேச்சுகளில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன், அவை வீண் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இந்த நூலை ஆசிரியர் பயிற்சிக் கையேடு ஆக்கியதில் வாசகர்களுக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்திருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இது ஒரு பெண் நாற்பது வயதைக் கடந்தபின் தன் ஏழு வயதைத் திரும்பிப் பார்த்து, தன்னைக் காப்பாற்றிய ஒரு மனிதருக்கு நன்றி சொல்லும் நூல். அந்த நன்றியைக் கேட்க அவர் அப்போது உயிரோடு இல்லை. அப்படி வாசித்தால்தான் இதன் கனம் கைக்குத் தெரியும்.

கதை இதுதான். டோட்டோ-சான் ('சான்' என்பது ஜப்பானில் பெயரோடு செல்லமாகச் சேர்ப்பது) என்று வீட்டில் அழைக்கப்படும் சிறுமியை முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். அவள் செய்த குற்றங்களை ஆசிரியை அம்மாவிடம் அடுக்குகிறார். மூடி வைத்த மேசையை ஒரு நாளைக்கு நூறு தடவை திறந்து மூடுகிறாள். அது அலுத்துவிட்டால் ஜன்னலருகே போய் நின்று, தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறாள். கூரையில் கூடு கட்டும் குருவியிடம் "என்ன செய்கிறாய்?" என்று உரக்கக் கேட்கிறாள். படம் வரையச் சொன்னால் தாளைத் தாண்டி மேசை மேலேயே வரைந்துவிடுகிறாள். "இவளை வைத்துக்கொண்டு பாடம் நடத்த முடியாது, வேறு பள்ளி பாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த அம்மா அடுத்துச் செய்ததைக் கவனியுங்கள். மகளிடம் அவர் எதையுமே சொல்லவில்லை. "புதுப் பள்ளி ஒன்று இருக்கிறது, போய்ப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்கிறார். தான் நீக்கப்பட்டவள் என்பது டோட்டோ-சானுக்கு இருபது வயது கடந்த பிறகுதான் தெரியவருகிறது. அதுவும் ஏதோ பேச்சுவாக்கில், தேநீர் குடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்வதைப்போல அம்மா சொன்னதால்தான் தெரிகிறது.

நூல் முழுவதையும் தாங்கி நிற்பது இந்த ஒளிவுதான். நமக்கு முதல் சில பக்கங்களிலேயே உண்மை தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரியாது. அவள் துள்ளிக்கொண்டு புதுப் பள்ளிக்குப் போகும்போது, "இங்கேயும் சேர்த்துக்கொள்ளாவிட்டால்?" என்று பின்னால் நடக்கும் தாயின் வயிற்றுக் கலக்கம் நமக்குத் தெரியும். ஆசிரியர் தன்னையே 'நான்' என்று எழுதாமல் டோட்டோ-சான் என்று படர்க்கையில் எழுதியதும் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். குழந்தை பார்ப்பது ஒன்று, வளர்ந்தவள் அறிவது இன்னொன்று. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. கண்ணீரை வரவழைக்க எந்த முயற்சியும் செய்யாமல் இந்த நூல் நம்மைக் கலங்க வைப்பது இந்த இரட்டைப் பார்வையால்தான். உங்கள் அம்மாக்கள் முதல் வாரத்திலேயே இதைப் பிடித்துக்கொள்வார்கள். பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினால் என்ன சொல்வார்களோ என்று அன்றைய வேலையை விட்டுவிட்டுப் போய் நின்ற அம்மாக்களுக்கு அந்தக் கலக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

புதுப் பள்ளியின் பெயர் தோமோயே. டோக்கியோவின் ஜியுகவோகா பகுதியில் 1937இல் சோசாகு கோபயாஷி தொடங்கியது. ஐம்பது பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஓடி ஓய்ந்த ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். இதைப் படித்ததும் நம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்வார்கள், ஏனென்றால் மலை ரயில் இல்லாத நீலகிரிப் பால்யம் ஏது? மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஏறிவந்த அந்த நீலப் பெட்டிகளில் பள்ளிச் சுற்றுலாவாவது போய்வராத பிள்ளை இங்கே குறைவு. ஓடாத ரயிலில் உட்கார்ந்து பாடம் படிப்பது, எங்கோ பயணம் போய்க்கொண்டே படிப்பதாக நினைத்துக்கொள்வது, புதிதாக ஒரு பெட்டி வருகிறது என்று தெரிந்ததும் அது எப்படி வந்து இறங்குகிறது என்று பார்க்க எல்லாரும் பள்ளியிலேயே இரவு தங்குவது எல்லாம் பிள்ளைகளைச் சொக்க வைக்கும்.

முதல் நாள் தலைமையாசிரியர் கோபயாஷி அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துச் சிறுமியின் எதிரே போட்டு உட்கார்கிறார். "உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல்" என்கிறார். அவள் சொல்கிறாள். வந்த ரயில் எவ்வளவு வேகமாக ஓடியது, டிக்கெட்டைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது டிக்கெட் வாங்குபவர் தரமாட்டேன் என்றது, பழைய பள்ளி ஆசிரியை எவ்வளவு அழகு, குருவிக் கூடு, வீட்டு நாய் ராக்கி, மூக்கை உறிஞ்சினால் அம்மா திட்டுவது, அப்பா கடலில் நன்றாக நீந்துவது. பேச எதுவும் மிச்சமில்லாமல் போனபோது யோசித்து யோசித்து, தான் போட்டிருக்கும் சட்டையின் காலர் அம்மாவுக்குப் பிடிக்காது என்பதையும் சொல்கிறாள். அதன் பிறகு உண்மையாகவே ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் எழுந்து அவள் தலையில் கை வைத்து, இனி நீ இந்தப் பள்ளி மாணவி என்கிறார். மதிய உணவு நேரம் வந்துவிட்டிருக்கிறது. நான்கு மணி நேரம் அவர் ஒருமுறைகூடக் கொட்டாவி விடாமல், அவளைப் போலவே முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

இந்த அத்தியாயத்தைக் கல்விமுறை என்று விளக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் என்ன முறையைக் கையாண்டார்? கேட்டார், அவ்வளவுதான். பந்தலூர், கூடலூர்ப் பக்கத்து முதல் வகுப்புகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பணியர் பழங்குடியின் மொழி பேசும் குழந்தை, மலையாளம் பேசும் குழந்தை, கன்னடம் பேசும் குழந்தை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ்ப் பாடநூலைத் திறக்கின்றன. எங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் படுக மொழி பேசும் பிள்ளைகள் இப்படி வருவார்கள். பாடத்துக்குப் பதில் சொல்லாமல் கடைசிப் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்ட ஒரு வாரம் போதும். அந்தப் பிள்ளைக்குக் காடு, தேன், மழை, நண்டு பிடிக்கும் ஓடை என்று எவ்வளவு தெரியும் என்பதைக் கேட்டறிய ஒரு முழுக் காலைப்பொழுது வேண்டும். அதை யார் கொடுக்கிறோம்? கோபயாஷி கொடுத்தார். அதைப் பெற்ற குழந்தை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை.

மதிய உணவுக்குத் தலைமையாசிரியர் வைத்த விதி உங்கள் ஊரில் பெரிய பேச்சாகும். "கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்." ஊட்டச்சத்து, சரிவிகித உணவு என்றெல்லாம் பெற்றோரை மிரட்டாமல், டப்பாவில் கடலில் விளைந்தது ஒன்றும் நிலத்தில் விளைந்தது ஒன்றும் இருக்கட்டும் என்றுமட்டும் சொல்லியனுப்புகிறார். அவருடைய மனைவி இரண்டு பாத்திரங்களோடு பின்னாலேயே வருவார். கடல் இல்லாத டப்பாவில் மீன் பண்டம் ஒன்று விழும், மலை இல்லாத டப்பாவில் வேகவைத்த கிழங்கு விழும். யார் டப்பா பணக்கார டப்பா, யாருடையது ஏழை டப்பா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரமே இருக்காது, தங்களிடம் இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பதிலேயே மும்முரம். உங்கள் பிள்ளைகளையும் இந்த விளையாட்டை ஆடச் சொல்லுங்கள். மலைக்குப் பஞ்சமில்லை: கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, கீரை. கடலுக்குச் சந்தையில் வாங்கும் கருவாடு இருக்கிறது.

பணப்பை அத்தியாயத்தை வாசிக்கும்போது சிரிப்பில் வாசிப்பு நின்றுபோகும், அதற்கு இடம் கொடுங்கள். டோட்டோ-சானின் அருமையான பணப்பை கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் தோட்டக்காரரின் நீளக் கரண்டியை எடுத்துவந்து, பின்பக்கத்துத் தொட்டி மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் அள்ளி வெளியே கொட்டித் தேடுகிறாள். மலைபோல் குவிந்திருக்கிறது. அந்த வழியே வந்த தலைமையாசிரியர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பணப்பை தேடுகிறேன் என்கிறாள். சரி என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். திரும்பி வரும்போது, "முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா?" என்று மட்டும் கேட்கிறார். பணப்பை கிடைக்கவில்லை. ஆனால் அவளே அத்தனையையும் திரும்ப அள்ளிப்போட்டு, ஈரமான மண்ணைக்கூடச் சேர்த்துப் போட்டு, மூடியை மூடிவிட்டுத் திருப்தியோடு போகிறாள். எங்கள் வகுப்பில் இதை வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்ட அத்தியாயம் இது. சிரித்து முடித்த பிறகு ஒரு பையன், "அவர் ஏன் அடிக்கவில்லை?" என்று மெதுவாகக் கேட்டான். அந்தக் கேள்விக்கு அன்று நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அது பிள்ளைகள் மனத்தில் கிடக்கட்டும்.

யாசுவாகி-சானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நூலின் உயிர் அங்கே இருக்கிறது. அவன் போலியோ தாக்கிய சிறுவன். கையும் காலும் ஒத்துழைக்காது. தோமோயேயில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மரத்தைத் தன் மரம் என்று வைத்துக்கொண்டு ஏறும், அவனுக்கு மட்டும் மரம் கிடையாது. கோடை விடுமுறையில் ஒரு நாள் டோட்டோ-சான் வீட்டில் பொய் சொல்லிவிட்டு அவனைத் தன் மரத்துக்கு அழைக்கிறாள். உண்மை நாய் ராக்கிக்கு மட்டும் தெரியும். ஏணியை இழுத்துவந்து சாய்க்கிறாள். கீழிருந்து தள்ளுகிறாள், முடியவில்லை. இரட்டைக் கால் ஏணி ஒன்றைத் தேடிக் கொண்டுவருகிறாள். படிக்குப் படி அவன் காலைத் தூக்கி வைக்கிறாள். கடைசியில் தான் கிளைப்பிரிவில் நின்றுகொண்டு, தன்னைவிடக் கனமான பையனைக் கையைப் பிடித்து மேலே இழுக்கிறாள். கீழே எந்தப் பெரியவராவது நின்று பார்த்திருந்தால் அலறியிருப்பார். ஆனால் அவன் தன் உயிரையே அவள் கையில் கொடுத்திருந்தான். மேலே வந்ததும் வியர்வையில் ஒட்டிய முடியோடு அவள் குனிந்து வணங்கி, என் மரத்துக்கு வாருங்கள் என்று உபசாரம் சொல்கிறாள். அவன் வெட்கத்தோடு சிரித்து, உள்ளே வரலாமா என்று கேட்கிறான்.

அவன் இதுவரை பார்த்திராத உயரத்திலிருந்து உலகைப் பார்க்கிறான். இருவரும் வெகுநேரம் பேசுகிறார்கள். அமெரிக்காவில் டெலிவிஷன் என்று ஒரு பெட்டி இருக்கிறதாம், ஜப்பானுக்கு வந்தால் வீட்டிலேயே சுமோ மல்யுத்தம் பார்க்கலாமாம் என்று அவன் சொல்கிறான். அவ்வளவு பெரிய மல்லர்கள் ஒரு பெட்டிக்குள் எப்படிப் போவார்கள் என்று அவள் குழம்புகிறாள். அவன் மரம் ஏறியது அதுதான் முதலும் கடைசியும். பள்ளி விடுமுறைக்கு முன் அவளுக்கு ஒரு புத்தகம் இரவல் கொடுத்தான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவன் இல்லை. எந்தச் சிறுமி மரக்கிளையில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பற்றி வியந்தாளோ, அவளே 1953இல் ஜப்பானில் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் முதல் நடிகைகளில் ஒருத்தியானாள். நூலில் ஆசிரியர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. வாசிக்கிற நாம்தான் போட்டுக்கொள்கிறோம், அதனால் அது இன்னும் அதிகமாக வலிக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாராவது இருந்தால், யாசுவாகி இறக்கும் அத்தியாயம் வரும் வாரத்துக்கு முன்பே அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

தகாஹாஷி என்ற சிறுவன் கைகால் வளராமல் நின்றுவிட்டவன். பள்ளி விளையாட்டு விழாவில் எல்லாப் போட்டியிலும் அவனே முதலாக வருகிறான். மற்ற பிள்ளைகள் திணறும் போட்டிகளில் குள்ளமான அவன் உடல் சரளமாக நுழைந்து, ஏறி, ஓடிவிடுகிறது. அவனை மனத்தில் வைத்துத்தான் தலைமையாசிரியர் அந்தப் போட்டிகளை அமைத்தார் என்பதைப் பிள்ளைகள் யாரும் அன்று அறியவில்லை. பரிசு என்ன தெரியுமா? முதல் பரிசு பெரிய முள்ளங்கி, அடுத்தடுத்த பரிசுகளும் கிழங்கும் கீரையும்தான். கோப்பையை எதிர்பார்த்த பிள்ளைகள் முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்படும்போது அவர், "இன்று இரவு நீ சம்பாதித்ததை வீட்டில் எல்லாரும் சாப்பிடுவார்கள்" என்கிறார். இதே தகாஹாஷியிடம் ஓர் ஆசிரியை விளையாட்டாக, உனக்கு வால் இருக்கிறதா என்று வகுப்பில் கேட்டுவிடுகிறார். அன்று மாலை சமையலறையில் தலைமையாசிரியர் அந்த ஆசிரியையிடம் கோபமாகப் பேசுவதை டோட்டோ-சான் கதவுக்கு வெளியே நின்று கேட்கிறாள். மற்ற ஆசிரியர்கள் முன்னால் கண்டிக்காமல் சமையலறையில் தனியாகப் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் இன்னொரு பெரியவரின் மானத்தையும் காக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பகுதிக்கு நான் இந்த நூலைச் சொல்ல முக்கியக் காரணமான அத்தியாயம் மசாவோ-சான் என்ற கொரியச் சிறுவனுடையது. மிகச் சிறியது. டோட்டோ-சான் போகும் வழியில் வசிக்கிற அவன், ஒரு நாள் அவளைப் பார்த்து வெறுப்போடு "கொரியாக்காரி!" என்று கத்திவிட்டு ஓடுகிறான். அவள் கொரியாக்காரியே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மாவின் கண்கள் நிறைகின்றன. பாவம், எல்லாரும் அவனை அப்படிச் சொல்லியே திட்டுவதால் அது ஒரு வசைச்சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்கிறார் அம்மா. கொரியா அப்போது ஜப்பானின் பிடியில் இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து பிடுங்கி அனுப்பப்பட்டு, இந்த மலையில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வட்டத்தில் இருப்பார்கள். 'சிலோன்காரன்' என்று இங்கே சொன்ன குரல்கள் எப்படி இருந்தன என்பது அவர்களின் தாத்தா பாட்டிக்குத் தெரியும். இந்த இரண்டு மூன்று பக்கங்களை வாசித்த பிறகு அவசரமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போகாதீர்கள். முதியவர்கள் யாராவது பேசத் தொடங்கினால் அன்றைய வாசிப்பு அதோடு நிற்கட்டும்.

போர் இந்த நூலுக்குள் ஓசையில்லாமல் நுழைகிறது. ரயில் நிலையத்தில் காசு போட்டால் மிட்டாய் தரும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அதில் காசு போட்டும் எதுவும் வரவில்லை. பிறகு எப்போதுமே வரவில்லை. அப்பா வயலின் கலைஞர். ஆயுதத் தொழிற்சாலையில் போர்ப் பாட்டு வாசித்தால் சர்க்கரையும் அரிசியும் கிடைக்கும் என்கிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் பசி. ஆனாலும் அவர் என் வயலினில் அதை வாசிக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறார். பிள்ளைகளின் பிரியத்துக்குரிய பள்ளி ஊழியர் ரியோ-சான் படைக்கு அழைக்கப்படுகிறார். கடைசியில் 1945இல் விமானத் தாக்குதலில் அந்த ரயில் பெட்டிகள் எல்லாம் எரிந்து போகின்றன. எரிவதைத் தெருவில் நின்று பார்த்த கோபயாஷி, பக்கத்தில் நின்ற மகனிடம், "அடுத்து எப்படிப்பட்ட பள்ளியைக் கட்டலாம்?" என்று கேட்கிறார். அந்தப் பள்ளியை அவர் மறுபடி கட்டவில்லை. பின்னர் அதே இடத்தில் குழந்தைகள் பள்ளி ஒன்று நடத்தினார், 1963இல் காலமானார். நூல் வெளிவர இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன.

டோட்டோ-சானைப் பார்க்கும்போதெல்லாம் கோபயாஷி ஒரு வாக்கியம் சொல்வார்: "நீ உண்மையில் நல்ல பெண்தான்." அவள் ஒவ்வொரு முறையும் குதித்துக்கொண்டு, ஆமாம், நான் நல்ல பெண்தான் என்பாள். மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை அறிந்துதான் அவர் அதை ஓயாமல் சொன்னார் என்பது அவளுக்குப் பல ஆண்டுகள் கழித்தே விளங்குகிறது. எனக்கு இந்த நூலில் தாங்க முடியாத இடம் இதுதான், யாசுவாகியின் மரணத்தைவிடவும்.

குறை இல்லாத நூல் என்று சொல்லமாட்டேன். தலைமையாசிரியர் தவறே செய்யாதவராகப் பெரும்பாலும் வருகிறார். நன்றியோடு எழுதும்போது அப்படித்தான் வரும் என்றாலும், முதிர்ந்த வாசகருக்கு அவருடைய சலிப்பையும் தோல்வியையும் ஒரு பக்கமாவது பார்க்க வேண்டும் என்று தோன்றும். அப்பா வயலின் கலைஞர், வீட்டில் பியானோ, வளர்ப்பு நாய் என்று வசதியான வீட்டுப் பிள்ளையின் கதை இது என்பதையும் மறைக்க வேண்டாம். ஜப்பானியப் படை அதே ஆண்டுகளில் ஆசியாவின் மற்ற நாடுகளில் செய்த கொடுமைகள் இதில் இல்லை. சிறுமியின் கண்ணுக்கு எட்டியது மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வட்டத்துப் பெரிய பிள்ளைகள் இதைக் கேட்டால் மகிழ்ச்சி அடையுங்கள், அது நல்ல வாசிப்பு.

வேறு நூல்களை யோசிக்காமல் இல்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. சாதியும் பள்ளியும் கோயிலும் ஒரு தலித் சிறுமியை என்ன செய்தன என்பதை ஊர்ப் பேச்சிலேயே சொல்லும் நூல், எழுத்தின் வலுவில் நான் அதை டோட்டோ-சானுக்கு மேலேயே வைப்பேன். ஆனால் அது காயத்தைத் திறந்து காட்டும் நூல். ஒருவரை ஒருவர் நம்பிப் பேசப் பழகிய குழுவுக்கு ஏற்றது. இதை முடித்த பிறகு அதை எடுங்கள், கட்டாயம் எடுங்கள். மக்சீம் கார்க்கியின் பால்ய நினைவுகள் தந்தையின் பிணத்தோடு தொடங்குகின்றன. அடக்கத்தில் சவப்பெட்டியோடு குழிக்குள் அகப்பட்ட தவளைகள் என்ன ஆயின என்று அந்தச் சிறுவன் கவலைப்படும் இடம் உலக இலக்கியத்தில் மறக்க முடியாதது, ஆனால் நீங்கள் கேட்ட மழைக்காலத்துக்கு அது மிகவும் இருண்டது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலின் முதல் பகுதி அருமையான பால்யம்தான், அதன் மொழிநடை பள்ளிப் பிள்ளைகளை முதல் வாரமே களைப்படையச் செய்துவிடும்.

இனி எப்படி வாசிப்பது என்பது. அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கங்கள்தான், சத்தமாக வாசிக்க மிகவும் வசதி. மாலையானால் உங்கள் பக்கம் யானை நடமாட்டம், அதனால் ஞாயிறு காலையில் கூடுவதாக எழுதியிருந்தீர்கள். ஒரு கூட்டத்துக்கு நான்கைந்து அத்தியாயங்கள் போதும். ஜப்பானியப் பெயர்கள் முதலில் நாக்கில் சிக்கும், ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், இரண்டாவது வாரம் அவை பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களாகிவிடும். அம்மாக்களில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டி வாசித்தாலும் பரவாயில்லை. வாசித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள்.

ஆசிரியரின் பின்னுரையைக் கடைசி ஞாயிறுக்கு வையுங்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்பது அதில் இருக்கிறது. எப்போதும் குடுவையும் விளக்குமாகப் பரிசோதனை செய்துகொண்டிருந்த தாய்-சான் அமெரிக்காவில் இயற்பியல் அறிஞராகியிருக்கிறார். தகாஹாஷி, நூல் வந்த காலத்தில், ஒரு நிறுவனத்தில் ஊழியர்களிடையே இணக்கத்தை வளர்க்கும் பொறுப்பில் இருந்தார். நடுவில் யாராவது அவசரப்பட்டுப் பின்பக்கத்தைப் புரட்டினால் தடுத்துவிடுங்கள்.

புத்தகத்தை முதலில் உங்கள் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நேஷனல் புக் டிரஸ்டிலிருந்தோ கோவைப் பக்கம் போய்வருபவர் மூலமோ வாங்கலாம். மூன்று பிரதிகள் இருந்தால் போதும்: ஒன்று வாசிப்பவர் கையில், இன்னொன்று கூடவே கண் ஓட்டிப் பழகும் பிள்ளைகளிடம், மூன்றாவது அந்த வாரம் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்வரட்டும்.